நூலுரிமை நூற்சிறை ஆகலாகாது

ஒருவனுக்குரிய நிலத்தை மற்றொருவன் உழுதால் உரியவனுக்கு நிலம் குறைகிறது. ஒருவன் கலத்துச் சோற்றைப் பிறன் உண்டால் உரியவன் வயிறு காய்கிறது. ஆனால், பாவலன் ஒருவன் யாத்த பாட்டை ஊரார் ஆயிரவர் பாடினும் அவன் நெஞ்சிலிருந்து அப்பாட்டு ஓரெழுத்தும் குறைவதில்லை. பாடப் பாட அது பெருகுகிறது. பாடுவார் அற்றுப்போனால்தான் அது சாகிறது. உடைமை என்னும் ஒரே சொல்லால் நிலத்தையும் நூலையும் சேர்த்துச் சுட்டுதல் இற்றைச் சட்டத்தின் வழக்கு. ஆயினும், இரண்டும் ஒரு தன்மையன அல்ல. இவ்வேறுபாட்டை உணராமையாலேயே, நூலுரிமை பற்றிய பூசல்களில் ஒருசாரார் படைப்பாளியின் வயிற்றில் அடிக்கின்றனர். மற்றொருசாரார் மக்களின் அறிவுக் கண்ணைக் கட்டுகின்றனர்.

ஆகவே இரண்டு வினாக்களைத் தனித்தனியே பிரித்து எழுப்புதல் வேண்டும். படைத்தவனுக்குப் படைப்பின் பயனில் பங்கு உண்டா என்பது ஒன்று. படைப்பை மக்கள் கண்ணிற் படாமற் பூட்டி வைக்கும் உரிமை எவர்க்கேனும் உண்டா என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு, உண்டு என்பதே அறத்தின் விடை. இரண்டாவதற்கு, படைத்தவன் உயிரோடிருந்து தன் படைப்பு இன்னும் முற்றவில்லை எனக் கருதும் ஒரு நிலை நீங்கலாக, இல்லை என்பதே விடை. முன்னது ஊதிய உரிமை. பின்னது பூட்டுரிமை. ஊதியத்தின் பெயரால் பூட்டை நுழைப்பதும், பூட்டை உடைப்பதன் பெயரால் ஊதியத்தைப் பறிப்பதும் ஒருங்கே கடியத்தக்கன.

பண்டைத் தமிழகத்தில் புலவன் பாட்டிற்குப் பரிசில் பெற்றான். பரிசில் நல்கிய வேந்தனோ, விலை கொடுத்தேன் எனச் சொல்லி அப்பாட்டைத் தன் கோயிலறைக்குள் வைத்து அடைத்துக் கொண்டானல்லன். பாட்டு நாட்டில் உலவியது. அதனாலேயே கொடுத்தவன் புகழும் நின்றது. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வகுத்த நன்னூலார், ஆக்கியோன் பெயரை அதன் உறுப்புகளுள் முதற்கண் வைத்தார். படைத்தவனுக்குப் பெயரும் பரிசிலும் உரியன. படைப்போ உலகிற்கு உரியது என்பதே பழைய ஒழுங்கு.

அச்சுப்பொறி வந்தபின் பரிசில் தரும் வேந்தர் மறைந்தனர். நூலை அச்சிட்டு விற்போர் பெருகினர். எழுதியவன் பட்டினி கிடக்க, அச்சிட்டவன் மாடம் எடுத்தான். இக் கொடுமைக்குத் தீர்வாகவே நூலுரிமைச் சட்டம் தோன்றியது. இங்கிலாந்தில் 1710 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்ததும், ஆன் அரசியார் பெயரால் வழங்குவதுமாகிய சட்டமே இவ்வகையில் முதன்மையானது. கல்வியை ஊக்குதல் என்பதே அதன் தலைப்பில் குறிக்கப்பெற்ற நோக்கம். புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை, அதன்பின் ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு, அவ்வளவே. நூலுரிமை என்றைக்கும் அழியாதது என்று வாதிட்ட இலண்டன் நூல்வணிகர் 1774 இல் அந்நாட்டு மேலவையில் தோற்றனர். உரிமைக்கு எல்லை உண்டு என்பதும், அவ்வெல்லையை வகுப்பது மக்கள் நலன் என்பதும் அன்றே நிலைபெற்ற கொள்கைகள்.

அவ்வெல்லை இன்று எங்கே நிற்கிறது? இந்தியாவில் 1957 ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியர் வாழ்நாளும் அவர் மறைவிற்குப் பின் 50 ஆண்டும் என வரையறுத்தது. 1992 இல் அஃது 60 ஆண்டாக நீண்டது. ஏன் நீண்டது? 1941 இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் நூலுரிமை 1991 இறுதியில் முடிவதாயிற்று. அவ்வுரிமை விசுவபாரதியின்பால் இருந்தது. அது கைநழுவாமல் இருத்தற்பொருட்டு எழுந்த முயற்சியே நாட்டிலுள்ள எல்லா நூல்களுக்கும் பத்தாண்டு கூட்டும் திருத்தமாக முடிந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் இக்கால அளவு 70 ஆண்டாக உள்ளது. இறந்து ஐம்பதாண்டு ஆன பாவலர், இன்னும் பத்தாண்டு கிடைக்கும் என்பதற்காக மேலும் ஒரு பாட்டு எழுதித் தருவாரா? ஊக்கம் பெறவேண்டியவர் மண்ணுள் மறைந்தபின் நீட்டப்பெறும் உரிமை கல்வியை ஊக்குவதன்று. கல்விக்குச் சுங்கம் தண்டுவதே ஆகும்.

ஊதிய உரிமையும் பூட்டுரிமையும் வெவ்வேறு என்பதற்குத் தமிழகம் கண்ட சான்று ஒன்று உண்டு. சுப்பிரமணிய பாரதியார் தம் நூல்களையெல்லாம் நாற்பது தொகுதிகளாக வெளியிடக் கருதி, 1920 இல் பொருள் வேண்டி அன்பர்க்கு வேண்டுகை விடுத்தார். அது நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். பொருளற்று நின்ற குடும்பத்தார், அவர்தம் நூல்களை அச்சிடத் தாமே முயன்று, பின்னர் அவ்வுரிமையைக் கைவிட நேர்ந்தது. நூல்களை அச்சிடும் உரிமை பாரதியாரின் இளவல் சி. விசுவநாதர் முதலானோர் நடத்திய பதிப்பகத்தின்பால் சென்றது. அவர்கள் அந்நூல்களைப் பதிப்பித்துப் பரப்பினர், மறைத்தாரல்லர். பாடல்களை இசைத்தட்டிற் பதிக்கவும் ஒலிபரப்பவும் உரிய உரிமையோ தனியே பிரிந்து ஒரு வணிகர் கைக்குப் போய், அவரிடமிருந்து திரைப்படத் தொழிலில் சிறந்திருந்த ஏ. வி. மெய்யப்பர் கைக்கு வந்தது.

ஒரே பாவலர், ஒரே பாட்டு. நூலாக அதனை யாரும் வாங்கலாம், படிக்கலாம். ஆனால் திரைப்படத்திற் பாடவேண்டின் ஒருவரின் ஒப்புதல் வேண்டும் என்னும் நிலை உண்டாயிற்று. 1948 இல் வெளிவந்த ‘பில்கணன்’ என்னும் படத்திற் பாரதியார் பாடல் இடம்பெற்றதை யொட்டி வழக்கு மூண்டது. சட்டப்படி மெய்யப்பர் செய்தது பிழையன்று. விலை கொடுத்து வாங்கிய உரிமையையே அவர் காத்தார். ஆனால், சட்டத்திற்கு ஒத்தது அறத்திற்கும் ஒத்ததாதல் வேண்டும் என்னும் நியமம் இல்லையே! விடுதலைப் போரில் தெருத்தோறும் மக்கள் பாடிய பாட்டிற்கு ஒருவர் வாயிலில் நின்று ஒப்புதல் கேட்பதா என்று நாடு கொதித்தது. பாரதி விடுதலைக் கழகம் எழுந்தது. நாரண துரைக்கண்ணன், பரலி சு. நெல்லையப்பர், நாடகக் கலைஞர் தி. க. சண்முகம் முதலியோர் இதற்கென உழைத்தனர். 1949 ஆம் ஆண்டு, ஓமந்தூர் இராமசாமியார் முதலமைச்சராக இருந்தகாலை, சென்னை மாநில அரசு பாரதியார் நூலுரிமையை ஏற்றுக்கொண்டது. மெய்யப்பர் தம்பால் இருந்த உரிமையை விலை பெறாமலே அரசுக்கு ஈந்தார். பாவலரின் குடும்பத்தார்க்கு அரசு பொருள் வழங்கிற்று. பின்னர் அவ்வுரிமை மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கப்பெற்றது.

இந்நிகழ்ச்சியிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. குடும்பத்தார் தெருவில் விடப்படவில்லை. அவர்கட்குப் பொருள் தரப்பெற்றது. பாட்டும் சிறையில் விடப்படவில்லை. அது மக்கட்குத் தரப்பெற்றது. ஊதியம் வேறு, பூட்டு வேறு எனப் பிரித்தறிந்தமையாலேயே இரண்டும் ஒருங்கு கைகூடின. அன்று தொட்ட வழக்கத்தின்படி இற்றைவரை நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூலாசிரியர்களின் படைப்புகள், அவர்தம் வழியினர்க்குத் தொகை வழங்கப்பெற்று நாட்டுடைமை ஆகியுள்ளன. அவற்றுட் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வாயிலாக எவரும் விலையின்றிப் படிக்கலாம்.

இனி, பூட்டும் கைகள் எவை என ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, படைத்தவனின் கை. உரோமப் பாவலர் வெர்சில் தம் பெருங்காப்பியம் திருத்தம் முற்றுப்பெறாமையால் அதனை எரித்துவிடுமாறு இறக்குங்கால் வேண்டினார் என்பர். மன்னன் அகசுதசு அதனைத் தடுத்து வெளியிடச் செய்தான். பிராகா நகரத்துச் செருமன் மொழி எழுத்தாளர் காப்கா 1924 இல் மறையுமுன், தம் கையெழுத்துப் படிகளை எரிக்குமாறு நண்பர் மாக்சு பிராடிடம் வேண்டினார். நண்பரோ எரியாமல் அச்சேற்றினார். அவர் செய்தது நட்பிற்கு இழைத்த பிழையா, உலகிற்குச் செய்த நன்றியா என இன்றும் வழக்காடுவர். எவ்வாறாயினும், உயிரோடிருக்கும் ஆசிரியன் தான் முற்றாததாகக் கருதும் எழுத்தைத் தன் பெட்டிக்குள் வைத்திருத்தலை எவரும் குறைகூறுதற்கில்லை. அஃது அவன் மானத்தைச் சார்ந்தது. கருவில் இருக்கும் மகவை ஊரார் வந்து கேட்டல் முறையன்று.

இரண்டாவது, வழியினர் கை. இங்குத்தான் தீங்கு மிகுதி. தந்தை எழுதிய நூல் ஒன்று, மக்கள் நால்வர், நால்வரும் நான்கு திசை. ஒருவர் ஒப்பினால் மற்றவர் ஒப்பார். பதிப்பாளர் வந்து கேட்டால் கருவூலம் கிடைத்ததென எண்ணி எட்டாத தொகை கூறுவர், தாமும் அச்சிடார். இங்ஙனம் முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு மறுபதிப்பின்றி மறைந்த நூல்கள் எத்தனை! மாணவன் ஒருவன் அந்நூலின் பெயரை அடிக்குறிப்பிற் காண்கிறான். நூலையோ எங்கும் காணான். தானும் உண்ணாது பிறர்க்கும் ஈயாதான் செல்வத்தை வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துக் கடிந்தார். அச்சிடாமலும் அச்சிட விடாமலும் வைத்திருக்கும் நூலுரிமை அச்செல்வத்தினும் இழிந்தது. பொன் மண்ணுள் புதைந்தாலும் பொன்னாகவே கிடக்கும். தாளோ செல்லரித்து ஒழியும்.

மூன்றாவது, சுவடி வைத்திருப்பார் கை. இது தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரனாரும் உ. வே. சாமிநாதரும் ஊர் ஊராய் அலைந்து, வீடு வீடாய் இரந்து பெற்ற சுவடிகளாலேயே 1887 இல் கலித்தொகையும் சீவக சிந்தாமணியும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும் அச்சேறின. கேட்டும் காட்டாதவர், தாமே பிரித்தும் பாராதவர் வீடுகளில் எவை எவை கிடந்து மடிந்தன என்பதை யாரே அறிவார்! கரிவலம்வந்தநல்லூர்க் கோயிற் சுவடிகள் தீயிலிடப்பட்ட செய்தியைச் சாமிநாதர் நெஞ்சம் நொந்து எழுதிவைத்துள்ளார். பரிபாடல் எழுபதுள் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. வளையாபதியும் குண்டலகேசியும் உதிரிப் பாடல்களாகவே எஞ்சின. ஓலை சில நூறாண்டிற்கு மேல் நில்லாது. படியெடுத்தால் நூல் வாழும். படியெடுக்க விடாவிடில் நூல் மாளும். ஈழத்தில், 1981 ஆம் ஆண்டு மேத்திங்கள் முடிந்து சூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுட் பிற இடத்தில் படியிருந்தவை மீண்டும் வாங்கப்படக் கூடியவை. ஒரே படியாய் இருந்தவை மீளா. பகைவன் தீயை எக்காலும் தடுத்தல் இயலாது. படிகள் பலவாயிருப்பின் அத்தீ தோற்கும். ஒரே படியைப் பெட்டியிற் பூட்டி வைத்திருப்பவன், தான் அறியாமலே அத்தீக்கு விறகு சேர்த்து வைக்கிறான்.

இப்பூட்டைத் திறக்கச் சட்டத்தில் வழி இல்லையா? உண்டு. 1957 ஆம் ஆண்டு நூலுரிமைச் சட்டத்தின் 31 ஆம் பிரிவு, வெளிவந்த நூலை மறுபடி அச்சிட உரியவர் மறுத்து, அதனால் அந்நூல் மக்கட்குக் கிட்டாமற் போயின், ஏற்ற தொகை செலுத்தி வெளியிடப் பிறர் இசைவு பெறலாம் என்கிறது. அதனை யடுத்துள்ள 31அ பிரிவு, ஆசிரியர் இறந்துபட்டோ உரியவர் கண்டறியப்படாமலோ முடங்கிக் கிடக்கும் படைப்புகட்கும் அத்தகைய வழி வகுக்கிறது. நூல் வெளிவந்து ஏழாண்டு கழிந்தபின் மொழிபெயர்ப்பிற்கு இசைவு கேட்க 32 ஆம் பிரிவு இடந்தருகிறது. தம் உரிமையை ஆசிரியர் தாமே விட்டுக்கொடுக்க 21 ஆம் பிரிவு உண்டு.

ஆனால் வழி உண்டு என்பது வேறு. நடக்க இயலும் என்பது வேறு. இவ்விசைவைத் தருதற்கென இருந்த நூலுரிமை வாரியம் 2017 இல் மற்றொரு தீர்ப்பாயத்துடன் இணைக்கப்பெற்றது. அத்தீர்ப்பாயமும் 2021 இல் கலைக்கப்பெற்றது. இன்று நெறிமன்றப் படியேற வேண்டும். அதன்மேலும், 31அ பிரிவின்படி விண்ணப்பிப்பவர், நாட்டின் பெரும்பகுதியில் உலவும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் முன்னதாக அறிவிப்பு வெளியிடுதல் வேண்டும். தமிழர் ஒருவர் தமிழில் எழுதிய நூலைத் தமிழர்க்காகப் பதிப்பிக்க ஆங்கில இதழில் பறையறைய வேண்டும்! அந்நூலாசிரியரின் உறவினர் ஊரில் அவ்விதழ் நுழைந்திராமலும் இருக்கலாம். ஐந்நூறு படி அச்சிட்டு அச்சுக்கூலியைத் தேடித் தவிக்கும் சிற்றூர்ப் பதிப்பாளர்க்கு இவ்வழி திறந்திருந்தும் அடைத்த வழியே.

மற்றொரு முரணும் அச்சட்டத்தில் உளது. ஆசிரியர் வாழ்நாளில் வெளிவந்த நூலுக்கு அவர் மறைவிலிருந்து அறுபதாண்டு உரிமை. ஆனால் அவர் மறைந்தபின் முதன்முறை வெளிவரும் எழுத்துக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்து அறுபதாண்டு கணக்கிடப்பெறும் என்கிறது 24 ஆம் பிரிவு. உடனே அச்சிட்டுப் பரப்பிய மகனுக்கு உரிமை விரைவில் முடிகிறது. நாற்பதாண்டு பெட்டியில் அடைத்து வைத்துப் பின் அச்சிட்டவனுக்கோ உரிமை நாற்பதாண்டு தள்ளிப்போகிறது. மறைத்தவனுக்குப் பரிசும் பரப்பியவனுக்குக் குறைவும் வழங்கும் இம்முறை எந்த அறத்தின்பாற் பட்டது?

இவ்வளவும் கேட்டு, நூலெல்லாம் பொதுவே என முழங்கிப் பிறர் நூலை இசைவின்றி அச்சிட்டு விற்பவர் மகிழ வேண்டா. அவர்க்கும் சொல்லவேண்டியது உண்டு. தமிழ்த்தொண்டு என்னும் நல்ல பெயருக்குள் ஒளிந்துகொண்டு, உயிரோடிருக்கும் எழுத்தாளர்க்குக் கணக்குக் காட்டாதவர் தமிழகத்தில் இல்லையா? தாள் விற்றவனுக்குப் பணம், அச்சுக்கோத்தவனுக்குக் கூலி, கட்டடம் செய்தவனுக்குக் கூலி, எழுதியவனுக்கு மட்டும் பொன்னாடையும் பாராட்டும்! பத்தாண்டு கண்விழித்து அகரமுதலி தொகுத்த புலவர்க்குப் பத்துப் படி கொடுத்து அனுப்புவது மொழிப்பற்று ஆகாது. மொழியை வளர்ப்பவர் வாழாமல் மொழி எங்ஙனம் வாழும்? இயக்கத்தின் பெயரால் செய்யப்படினும் களவு களவே. பூட்டை எதிர்க்கும் தகுதி, ஊதியத்தை ஒழுங்காகக் கொடுப்பவர்க்கே உண்டு.

நாட்டுடைமையான நூல்களின் நிலையும் கருதத்தக்கது. உரிமை விடுபட்டவுடன், பிழை மலிந்த பதிப்புகளும், இயல்களை வெட்டிச் சுருக்கிய பதிப்புகளும், ஆசிரியர் முன்னுரையை நீக்கிப் பதிப்பாளர் தம் புகழைச் சேர்த்த பதிப்புகளும் வெளிவரலாயின. சிறையினின்று விடுபட்டவரைத் தெருவில் கைகால் முரிப்பது விடுதலையாகுமா? நூல் பொதுவாகலாம், அதன் மெய்ப்பாடம் சிதைதல் கூடாது. ஊருணி ஊர்க்குப் பொது என்பதற்காக அதில் குப்பை கொட்டும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆகவே, நாட்டுடைமைக்குத் தொகை ஒதுக்கும் அரசு, பிழைநீக்கிய செம்பதிப்பு ஒன்றினையும் உடன் வெளியிடுதல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கன யாவை?

எழுதுவோர், தம் வாழ்நாளிலேயே தம் நூல்களின் நிலையை எழுதிவைத்தல் வேண்டும். வீடும் நிலமும் இன்னார்க்கு என எழுதுபவர், நூல்களை மறந்துவிடுகின்றனர். வருவாய் இன்னார்க்கு, அச்சிட இசைவு தரும் பொறுப்பு இன்ன ஒருவர்க்கு, இத்தனை ஆண்டு மறுபதிப்பு இல்லையேல் நூல் பொது என மூன்று வரி எழுதிவைத்தால் போதும், வருங்காலப் பூசல் பல தீரும்.

வழியினர், நூலை விற்கலாம், விலை கேட்கலாம், நாட்டுடைமைத் தொகை வேண்டாமெனத் தாமே பதிப்பித்து வாழவும் செய்யலாம். அவையெல்லாம் அவர்தம் உரிமை. அச்சிடாமலும் விடாமலும் வைத்திருத்தல் மட்டும் உரிமையன்று. பழஞ்சுவடியோ கையெழுத்துப் படியோ வைத்திருப்பவர், மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டாலும் அதன் படியை நூலகம் ஒன்றிற்கு அளித்தல் வேண்டும். மதுரைத் திட்டம் என்னும் பெயரால் 1998 தொட்டுத் தமிழன்பர் பலர் ஊதியமின்றித் தட்டெழுதி இணையத்தில் ஏற்றிய நூல்கள் எங்கெங்கோ வாழும் தமிழ்ப் பிள்ளைகட்குப் பயன்படுகின்றன. படியொன்று கொடுத்தாரை அவர்கள் நன்றியுடன் நினைப்பர்.

பதிப்பாளர், எழுதியவர்க்குக் கணக்கும் பங்கும் ஆண்டுதோறும் தருதல் வேண்டும். அரசோ, மறுபதிப்பின்றி நெடுங்காலம் கிடக்கும் தமிழ் நூல்களின் பட்டியலைத் திரட்டி, உரியவர்க்கு உரிய தொகையைப் பொதுக்கணக்கில் செலுத்தி எவரும் பதிப்பிக்க இயலுமாறு எளிய முறையொன்று காணுதல் வேண்டும். சட்டம் நடுவணரசின் கையில் உள்ளதாதலின், ஆங்கில இதழ் அறிவிப்பை அந்தந்த மொழி இதழ் அறிவிப்பாக மாற்றவும், மறைத்தவனுக்கு உரிமை நீளும் முரணை நீக்கவும் தமிழ்நாட்டு மன்ற உறுப்பினர் குரலெழுப்புதல் வேண்டும்.

புலவன் ஒருவன் தன் தாயிடமிருந்து மொழியைப் பெற்றான். சொற்களை ஊரிடமிருந்தும், யாப்பை முன்னோரிடமிருந்தும் பெற்றான். அவற்றுள் ஒன்றிற்கும் அவன் விலை கொடுத்தானல்லன். அவற்றைக் கொண்டு அவன் நெய்த ஆடைக்கு உழைப்பின் கூலி அவனைச் சேரட்டும். அதில் ஒரு காசும் குறைய வேண்டா. ஆனால் நூல் கொடுத்த ஊர் குளிரில் நடுங்க, நெய்த ஆடையைப் பேழைக்குள் மடித்து வைத்துப் பூச்சிக்கு இரையாக்க அவனுக்கோ அவன் வழியினர்க்கோ அறம் இடந்தராது. தமிழர் இல்லங்களில் பூட்டிக் கிடக்கும் பேழைகள் இன்னும் எத்தனையோ உள. அவை திறக்கப்படுக! உள்ளிருப்பவை இற்றுப்போகுமுன் திறக்கப்படுக!